சிறு பாய்மரப் படகுக்கு எந்த நங்கூரம், எத்தனை கிலோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லங்காவி, பினாங்கு, பங்கோர் பக்கம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் தீவுதீவாகச் சுற்றத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. என் படகு 31 அடி. தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றினால் 5 டன்னை நெருங்கும். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அளவுக்குத்தான். சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை: படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் தமிழ்நாட்டு மீனவர் சொல்வார்கள். நல்ல சொல் கையில் இருக்கும்போது 'போ', 'ஸ்டெர்ன்' எதற்கு?

படகோடு வந்த நங்கூரம் இருக்கிறதே, அதுவே போதாதா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டுக் கிளம்புவதென்றால் எதுவும் போதும். ராத்திரி தூங்க வேண்டுமென்றால் போதாது. என் படகோடு வந்தது பெயர் அழிந்துபோன 10 கிலோ கலப்பை நங்கூரம். முதல் வருடம் முழுக்க அது நன்றாகப் பிடிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அதற்குச் சோதனையே வரவில்லை. வந்தது லங்காவியின் குவா துறையில், ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு. மேற்கே மின்னியது, பத்து நிமிடத்தில் காற்று இறங்கியது. எழுந்து வெளியே பார்த்தால், பக்கவாட்டில் நின்றிருந்த கட்டமரன் (இரட்டை உடல் படகு) எனக்கு வெகுதூரம் முன்னால் நிற்கிறது. நகர்ந்தது அது இல்லை.

அந்தக் காற்றுக்குப் பெயர் சுமத்ரா. தென்மேற்குப் பருவத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும், அதாவது ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா தீவுப் பக்கம் திரளும் இடிமேகங்கள் வரிசையாக மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 40 நாட் வரை காற்று வீசலாம் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்). மாலையில் பார்த்த கண்ணாடி போன்ற கடலை வைத்து நங்கூரம் வாங்கக் கூடாது. இந்த விடியற்காலையை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

கடையில் ஒட்டியிருக்கும் அட்டவணை என் நீளத்துக்கு 10 கிலோ என்கிறதே?

அந்த அட்டவணை எந்தக் காற்றுக்குப் போட்டது என்று அடியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பல அட்டவணைகளில் அது இருக்காது, இருந்தால் பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பின் கணக்கைப் பாருங்கள்: 30 அடிப் படகு நங்கூரத்தை இழுக்கும் விசை 15 நாட் காற்றில் சுமார் 80 கிலோ, 30 நாட்டில் சுமார் 320 கிலோ, 42 நாட்டில் சுமார் 635 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. 30-க்கும் 42-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று காதுக்குத் தோன்றும். நங்கூரத்துக்கு அது இரண்டு மடங்கு சுமை.

இதோடு படகின் மேல் என்னென்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெயிலுக்கு ஒரு கூரைத்துணி, அமரத்தில் தொங்கும் ரப்பர் டிங்கி, அதற்கு மேல் சோலார் தகடு. காற்றுக்கு இவையெல்லாம் பாய்தான். நம் ஊர் வெயிலில் இவை இல்லாத படகே கிடையாது. அதனால் 30 முதல் 33 அடி, 5 டன் வரையுள்ள படகுக்கு நான் சொல்வது புதுத் தலைமுறை வடிவத்தில் (எவை என்று கீழே வரும்) 15 கிலோ. படகு அதைவிடக் கனமாகவோ உயரமாகவோ இருந்தால் 20. பழைய கலப்பை வடிவம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 15 கிலோவில் நிறுத்தாதீர்கள்.

ஒரு அளவு கூட்டி வாங்கு என்று எல்லோரும் சொல்வது சரிதானா? சரிதான், ஆனால் அணியத்தில் அது உட்கார வேண்டும். மோட்டார் நின்றுபோன நாளில் அதைக் கையால் தூக்க உங்கள் முதுகு சம்மதிக்க வேண்டும்.

கலப்பை, நகம், தட்டு, வளையம் என்கிறார்கள். எதுதான் நல்லது?

இதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவை. கலப்பை நங்கூரத்தை 1933-இல் வடிவமைத்தவர் ஜி. ஐ. டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர். பாய்மரப் படகு ஓட்டுபவர், கனமான பழைய நங்கூரத்தைத் தூக்கித் தூக்கி அலுத்தவர். 'செக்யூர்' என்று ஒலிக்கும்படி அதற்கு சிக்யூஆர் என்று பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு அதுதான் ராஜா. தண்டுக்கும் மண்ணில் குத்தும் அலகுக்கும் நடுவே ஒரு கீல் இருக்கும். சேற்றில் அது பெயருக்கேற்ப உழுதுகொண்டு போகும், அதுதான் அதன் குறை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது டான்ஃபோர்த். இரண்டு தட்டையான அலகுகள், நடுவில் ஆடும் தண்டு. கரையில் முட்டி இறங்கும் ராணுவப் படகுகள் தங்களைத் தாங்களே பின்னுக்கு இழுத்துக்கொள்ள இது பயன்பட்டது. எடைக்கு எடை பார்த்தால் மணலிலும் சேற்றிலும் இதன் பிடி அபாரம். ஆனால் நீரோட்டம் திரும்பி இழுப்பின் திசை மாறினால் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியது மறுபடி ஊன்றும் என்று உறுதியில்லை, அலகுக்கு நடுவே ஒரு சிப்பியோ கல்லோ மாட்டினால் போச்சு. 1970-களில் வந்த புரூஸ், வட கடல் எண்ணெய் மேடைகளுக்காகச் செய்தது, மூன்று விரல் நகம் போல இருக்கும். எங்கே போட்டாலும் சீக்கிரம் ஊன்றும். ஆனால் சின்ன அளவுகளில் அதன் பிடி குறைவு.

பிறகு ஜெர்மனியின் பூகல் நங்கூரத்தில் அலகின் பின்னால் ஒரு வளையம் வந்தது. தலைகீழாக விழுந்தாலும் அந்த வளையம் அதை உருட்டி முனையை மண்ணில் குத்த வைக்கும். பிரான்சின் ஸ்பேட் வேறு வழியில் போனது: மண்ணை அள்ளும் குழிந்த அலகு, முனையில் ஈயம். இந்த இரண்டு யோசனைகளும் கலந்து 2000-களின் முதல் பாதியில் நியூசிலாந்திலிருந்து ரோக்னா வந்தது, அதே நாட்டிலிருந்து மேன்சன் சுப்ரீம், பிறகு அமெரிக்காவிலிருந்து மேன்டஸ். புதுத் தலைமுறை என்று நான் சொல்வது இவற்றை. கலப்பை மண்ணை இரண்டு பக்கமும் தள்ளும், இவை மண்வெட்டி போல அள்ளி அமுக்கும். ஊன்றும் வேகத்திலும், திசை மாறினால் மறுபடி ஊன்றுவதிலும் பழையவை இவற்றோடு போட்டியிட முடியாது. பிராண்டு பற்றிச் சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் விலை பாதியாக இருக்கும் நகலை வாங்கும்முன் தண்டின் தடிமனைப் பாருங்கள். பக்கவாட்டில் இழுபட்டு வாழைத்தண்டு போல வளைந்த தண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

மீனவர் படகில் போடும் நாலு கொக்கி நங்கூரம் மலிவாயிற்றே?

நாகப்பட்டினத்திலும் பாக் நீரிணையிலும் ஃபைபர் படகுகளில் இருப்பது இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கொக்கி நங்கூரம். பாறைப் பாரில் மாட்டி நிற்க அது நல்ல கருவி. சிக்கிக்கொண்டால் பலமாக இழுத்துக் கம்பியை நிமிர்த்திவிட்டுப் போய்விடலாம். அந்தப் படகில் ஆள் விழித்திருக்கிறான், படகும் லேசு. 5 டன் படகை, ஆள் உறங்கும்போது, சேற்றில் நிறுத்த அது செய்யப்படவில்லை. சேற்றில் கம்பி போகும், வரும்.

கனமான சங்கிலி போட்டால் சின்ன நங்கூரம் போதும் என்கிறாரே பக்கத்துப் படகுக்காரர்?

சங்கிலி தரையில் கிடந்தால் நங்கூரத்தைப் படுக்கைவாட்டில் இழுக்கும், அப்போதுதான் அது ஆழமாகப் போகும் என்பது சரி. எத்தனை காற்று வரை கிடக்கும் என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுவிடலாம். அணியத்தில் சங்கிலி ஓடும் ரோலரிலிருந்து கடலடி வரை 7 மீட்டர் என்று வையுங்கள். 8 மிமீ சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, தண்ணீருக்குள் சுமார் 1.2. மேலே சொன்ன இழுவைகளை வைத்தால், நங்கூரத்தருகே சங்கிலி தரையை விட்டு எழாமலிருக்க 15 நாட் காற்றில் 31 மீட்டர் வேண்டும். 30 நாட்டில் 61 மீட்டர். 42 நாட்டில் 86 மீட்டர். அவ்வளவு சங்கிலி நம்மிடம் இல்லை, இருந்தாலும் நெரிசலான குவாவில் விட இடமில்லை.

சரி, 10 மிமீ சங்கிலி போட்டால்? மீட்டருக்கு 2.3 கிலோ. 42 நாட்டில் அதற்கும் 67 மீட்டர் தேவை. 60 மீட்டர் 8 மிமீ சங்கிலி 84 கிலோ, 10 மிமீ 138 கிலோ. கூடுதலாக 54 கிலோவை, படகு மிகவும் வெறுக்கும் இடமான அணியத்தின் நுனியில் ஏற்றிவிட்டு, தேவையான நேரத்தில் அது கம்பி போல விறைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்த 54-இல் 5 கிலோவை மட்டும் எடுத்து நங்கூரத்தில் போட்டால் 15 கிலோ 20 ஆகிவிடும். எடை கூட்டுவதானால் மண்ணுக்குள் போகும் பகுதியில் கூட்டுங்கள். 31 அடிக்கு 8 மிமீ சங்கிலி போதும்: டிஐஎன் 766 என்ற ஜெர்மன் தரத்தில் அது அறுபட 3.2 டன் தேவை.

எவ்வளவு சங்கிலி விட வேண்டும்?

ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, காற்று எதிர்பார்த்தால் ஏழு. இது எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது எதை ஆழம் என்று எடுக்கிறோம் என்பதில். லங்காவியில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் வந்து 3 மீட்டர் தண்ணீரில் நிறுத்துகிறீர்கள், 15 மீட்டர் சங்கிலி விட்டு ஐந்து மடங்கு என்று நிம்மதியாகப் படுக்கிறீர்கள். நடுராத்திரி ஏற்றத்தில் தண்ணீர் 6 மீட்டர். தண்ணீருக்கு மேல் ரோலர் இன்னொரு மீட்டர். ஐந்து மடங்கு என்று நினைத்தது இரண்டு மடங்காகிவிட்டது. சங்கிலி விறைத்தால் நங்கூரத்தை 30 டிகிரியில் மேல்நோக்கித் தூக்கும். ஐந்து மடங்கில் அது 12 டிகிரிக்குள், ஏழில் 8 டிகிரி. சரியான கணக்கு 7 ஐந்து 35 மீட்டர்.

சென்னையிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வருபவர்களுக்கு இதில் தடுமாற்றம் அதிகம். அங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான், அதைக் கணக்கில் எடுக்காமலே காலம் ஓடியிருக்கும்.

முழுக்கச் சங்கிலியா, பாதி கயிறா?

சங்கிலியை இழுத்துத் தூக்கும் மின் விண்ட்லஸ் இருந்தால் முழுக்கச் சங்கிலி, 50 அல்லது 60 மீட்டர். கையால் இழுப்பவருக்கு 15 மீட்டர் சங்கிலியும் 14 மிமீ முப்புரி நைலான் கயிறும் தாராளம். கயிறு மட்டும் வேண்டாம்: கடலடியில் சிப்பியும் எறிந்த தகரமும் கிடக்கின்றன.

விண்ட்லஸ் இருந்தால் சங்கிலி வாங்கும்முன் அதன் பல்சக்கரம் எந்தத் தரத்துக்கு வெட்டியது என்று பாருங்கள். 8 மிமீயில் டிஐஎன், சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ இரண்டிலும் கண்ணியின் உள்நீளம் 24 மிமீ, தொல்லை குறைவு. 10 மிமீயில் ஒன்று 28, மற்றது 30. மாற்றி வாங்கினால் சக்கரத்தில் துள்ளித் துள்ளி ஓடும், ஒருநாள் முழுவதும் கழன்று ஓடும்.

ஷேக்கிள், சுவிவல் எது போடுவது?

ஷேக்கிள் என்பது நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும், ஆணி போட்ட இரும்பு வளையம். நங்கூரம் எப்போதும் மண்ணில்தான் தோற்கும் என்றில்லை, இந்த இணைப்பிலும் தோற்கலாம். நல்ல நங்கூரத்தை 12 ரிங்கிட் ஷேக்கிளில் மாட்டுவதை நம் மரினாக்களில் தினமும் பார்க்கிறேன். சுமை எண் உடலில் பொறித்திருக்கும் கால்வனைஸ்டு வில் ஷேக்கிள் வாங்குங்கள். எண் இல்லாதது வேலி கட்ட ஆகும். சங்கிலிக்கு ஒரு அளவு பெரிதாக 10 மிமீ என்பது பொது விதி. ஆனால் அதன் ஆணி 8 மிமீ சங்கிலியின் கண்ணியில் நுழையாமல் போகலாம். அதனால் சங்கிலியின் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துப் போங்கள். நுழையவில்லையென்றால் உயர்வலு எஃகில் செய்த சின்ன ஷேக்கிள் கேளுங்கள். ஆணியைச் சாவி போட்டு இறுக்கிய பிறகு, அதன் கண்ணையும் ஷேக்கிளின் உடலையும் சேர்த்து மோனெல் கம்பியால் கட்டுங்கள். செம்புக் கம்பி வேண்டாம், உப்புநீரில் அது துத்தநாகப் பூச்சைத் தின்னும்.

சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் சுழல விடும் இணைப்பான சுவிவல் எனக்குப் பிடிக்காத பொருள். பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்தது வெளியே தெரியாது. நங்கூரத் தண்டில் நேரடியாக மாட்டினால் பக்கவாட்டு இழுப்பில் அதன் தாடை நெம்பப்படும். முறுக்கு உங்களை உண்மையாகவே தொல்லை செய்தால் நடுவில் ஐந்தாறு கண்ணி சங்கிலி விட்டு மாட்டுங்கள். நீரோட்டம் திரும்பும்போது விழும் முறுக்கு, தூக்கும்போது பெரும்பாலும் தானே அவிழ்ந்துவிடும்.

புது நங்கூரம் என் அணியத்தில் உட்காருமா?

வாங்கிய பிறகு கேட்கும் கேள்வி இது, வாங்கும்முன் கேளுங்கள். தயாரிப்பாளர்கள் அளவுப் படம் தருகிறார்கள். அதை முழு அளவில் அட்டையில் வரைந்து வெட்டி, ரோலரில் வைத்து இழுத்துப் பாருங்கள். வளையம் ரயிலிங்கில் இடிக்கிறதா? அலகின் முனை மேலே வரும்போது படகின் தோலைக் கீறுகிறதா? பாய் சுருட்டும் உருளையில் முட்டுகிறதா? ஒரு மாலை வேலை. நான் அதைச் செய்யாமல் வாங்கி, ரோலரை 12 செமீ முன்னுக்குத் தள்ள ஒரு வெல்டருக்கு நங்கூரத்தின் பாதி விலை கொடுத்தேன்.

அப்படியே கீழே குனிந்து, கயிறு கட்டும் கிளீட்டின் போல்ட்டுகள் எதில் இறுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். பழைய படகுகளில் நான்கு சின்ன வாஷர்தான் இருக்கும். 600 கிலோ இழுவையை நான்கு வாஷர் ஃபைபரில் தாங்காது. டெக்குக்கு அடியில் 6 மிமீ அலுமினியத் தகடோ நல்ல தடிமனான ஒட்டுப்பலகையோ வைத்துப் போல்ட்டை மாற்றுங்கள்.

விண்ட்லஸே சங்கிலியைப் பிடித்துக்கொள்ளாதா?

பிடிக்கும், பல்லும் அச்சும் தேயும் வரை. அது தூக்கும் கருவி, தாங்கும் கருவி இல்லை. நிறுத்தியதும் 12 மிமீ நைலான் கயிறு 8 முதல் 10 மீட்டர் எடுத்து, ஒரு நுனியை ரோலிங் ஹிட்ச் முடிச்சிலோ சங்கிலிக் கொக்கியிலோ மாட்டி, மறுநுனியைக் கிளீட்டில் கட்டி, சங்கிலி தொய்யும் வரை விடுங்கள். ஸ்னப்பர் என்பது இதுதான். காற்று ஓங்கி இழுக்கும்போது நைலான் நீண்டு கொடுக்கும், அந்த உதறல் நங்கூரத்துக்குப் போகாது. சங்கிலி ரோலரில் அறையும் சத்தமும் நின்றுவிடும். மனைவியர் படகுக்கு வரச் சம்மதிப்பது பாதி இதனால்தான். கயிறு உரசும் இடத்தில் கனமான துணி சுற்றுங்கள்.

சங்கிலியின் உள்முனையை எப்படிக் கட்டுவது?

கயிற்றால். ஷேக்கிள் போடாதீர்கள். கயிறு டெக் வரை எட்டும் நீளம் இருக்கட்டும். பெரிய கப்பல் இழுபட்டு உங்கள் மேல் வரும் நேரத்தில், ஒரு வெட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடும்படி இருக்க வேண்டும்.

எவர்சில்வர் நங்கூரம் எப்படி?

புகைப்படத்துக்கு அழகு. விலை பல மடங்கு, பிடி அதேதான். துரு வெளியே தெரியும் இரும்பு எனக்கு மேல். பூச்சு போனால் பட்டறையில் கொடுத்து மறுபடி துத்தநாகத்தில் முக்கிக்கொள்ளலாம்.

நங்கூரம் பிடித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படகு முழுவதும் நின்ற பிறகு இறக்குங்கள். அது தரையைத் தொட்டதும் மெல்லப் பின்னால் நகர்ந்தபடி விடுங்கள், குவியலாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தையே சுற்றிக்கொள்ளும். முழு நீளமும் விட்ட பிறகு, மணலென்றால் உடனே சோதிக்கலாம். நம் சேற்றில் அவசரப்படக் கூடாது. ஒரு தேநீர் போட்டுக் குடியுங்கள், கால்மணி நேரம் அது தன் எடையில் அமிழட்டும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாகத் தொடங்கி 2000 சுற்று வரை ஏற்றி அரை நிமிடம் வையுங்கள். பக்கவாட்டில் கரையில் இரண்டு பொருளை ஒரே கோட்டில் பிடியுங்கள், ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு டவரும் போல. கோடு கலையக் கூடாது. சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள்: பிடித்த சங்கிலி இறுகி அமைதியாக இருக்கும், இழுபடுவது கடகடவென்று நடுங்கும். அந்த நடுக்கத்தை ஒருமுறை தொட்டவர் மறக்க மாட்டார். பிடிக்கவில்லையா, தூக்கி மறுபடி போடுங்கள். அக்கம்பக்கம் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட வேண்டாம், மூன்றாம் முறை போடும் நானே அங்கே இருக்கலாம்.

தியோமான் தீவுக்குப் போகிறோம். பவளத்தில் போடலாமா?

கூடாது. கடல்பூங்காவில் அதற்குத் தடை உண்டு. ஒரு சங்கிலி அரைவட்டம் சுற்றினால் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். மிதவை இருந்தால் பிடியுங்கள், இல்லையென்றால் வெள்ளையாகத் தெரியும் மணல் திட்டைத் தேடுங்கள்.

இரண்டாவது நங்கூரம் வேண்டுமா?

வேண்டும், முதலாவது சிக்கி அங்கேயே விட்டுவிட்டு வரும் நாளுக்காக. என்னிடம் இருப்பது ஃபோர்ட்ரெஸ் எஃப்எக்ஸ் 16, அலுமினியம், 4.5 கிலோதான். டான்ஃபோர்த் வடிவம், கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். அலகை மணலுக்கு 32 டிகிரியிலும் சேற்றுக்கு 45 டிகிரியிலும் பொருத்தலாம். 2014-இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாச் சேற்றில் நடந்த இழுவைச் சோதனையில் இதன் பெரிய அண்ணனான எஃப்எக்ஸ் 37 தன்னைவிடக் கனமானவற்றை மிஞ்சியது. சோதனையை நடத்தியது ஃபோர்ட்ரெஸ் நிறுவனம்தான், ஆகவே அதையும் சேர்த்தே படியுங்கள். என் அனுபவத்தில் சேற்றில் அது எழ மறுக்கும் அளவுக்குப் பிடிக்கிறது. ஆனால் ஓதம் திரும்பும் இடத்தில் அதை மட்டும் நம்பித் தூங்க மாட்டேன்.

ஜனவரியில் இலங்கைக்குக் கடக்கிறோம். நங்கூரத்தை அணியத்திலேயே விட்டுவிடலாமா?

ஆயிரம் கடல் மைலுக்கு மேல், வாடைக்காற்றின் அலையில். ரோலரில் ஆணியை மட்டும் நம்பி விட்டால் ஒவ்வொரு அலையும் அதைச் சுத்தியல் போல ஆட்டும். கழற்றி, கீழே படகின் நடுப்பகுதியில் தரையோடு கட்டுங்கள். சங்கிலியின் நுனியை உள்ளே விட்டு, அது இறங்கும் துளையைத் துணியும் களிமண்ணும் வைத்து அடையுங்கள். அந்தத் துளை வழியாக ஒரு இரவில் எத்தனை வாளி தண்ணீர் உள்ளே வரும் என்பது அடைக்காமல் போனவருக்குத்தான் தெரியும். திருகோணமலைக்கு அரை நாள் முன்பே, பகல் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஷேக்கிளுக்குப் புதுக் கம்பி கட்டிவிடுங்கள்.